மேற்கை அழைத்தால் கிழக்கு எடுத்த நாள்

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்து, "உங்க காலத்து அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்கும் நல்ல மனம் உங்களுக்கு இருக்கிறது. கேட்டால் நிஜமாகவே எழுதிவிடுவான் என்கிற முன்யோசனைதான் இல்லை.

அன்று இரண்டு மாடிகளில் இருந்த இரண்டு ஸ்விட்சுகளை ஃபைபர் கேபிளால் இணைத்துக்கொண்டிருந்தீர்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் கைபேசி.

"லைட் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"பச்சையா?"

"பச்சைதான்."

"அப்ப முடிஞ்சுது, இறங்கி வா."

எனக்கு டீ புரையேறியது. முடிந்தது சரி, எது எதோடு முடிந்தது என்று கேட்க நாக்கு துடித்தது. விருந்தாளி கேட்கக் கூடாது என்று டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்வியை நான் எங்கே கற்றேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கௌரவமான இடத்தில் கற்கவில்லை.

நான் தொலைபேசித் துறையில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்து விருப்ப ஓய்வில் வெளியே வந்தவன். யாருடைய விருப்பம் என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. உங்களுக்குக் கண்ணாடி நூல். எங்களுக்குச் செம்புக் கம்பி. ஒவ்வொரு கம்பிக்கும் காகிதச் சுற்று, எல்லாவற்றுக்கும் மேலே ஈய உறை, அப்படியே மண்ணுக்குள் புதைத்துவிடுவோம். ஈயத்தை எப்படி உருக்குவோம், மெழுகை எப்படி ஊற்றுவோம் என்றெல்லாம் சொல்லி உங்கள் உயிரை எடுக்க மாட்டேன். அது எனக்கே ஒழுங்காக வராது. அதைச் செய்தவர் சுலைமான்.

சுலைமான் பாலக்காடு ராவுத்தர் குடும்பம். வீட்டில் எல்லோரும் ஜவுளிக்கடை வைத்திருக்க, இவர் மட்டும் எதற்கோ கேபிள் ஜாயிண்டர் ஆகிவிட்டார். என்னைவிட இரண்டு வயது பெரியவர். நான் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரன் என்பதால் என்னை "சாமி" என்று கூப்பிடுவார். அதில் பக்தி துளியும் கிடையாது.

எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஒரு பாசனத் திட்ட அலுவலகம் இருந்தது. பெயர் வேண்டாம். அலுவலகத்தில் ஒரு ஸ்விட்ச்போர்டு. நாலு கிலோமீட்டர் தள்ளிக் கால்வாய்க் கரை முகாமில் ஒரு பெட்டி. இரண்டுக்கும் நடுவே புதைத்த கேபிள். முகாமிலிருந்து ஸ்டோர், மண் பரிசோதனைக் கூடம், குடியிருப்பு, கிழக்கு ஷட்டர், மேற்கு ஷட்டர் என்று போன்கள் பிரிந்து போயின. ஷட்டர் என்றால் கால்வாய்த் தண்ணீரைத் திறந்து மூடும் கதவு. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு லஸ்கர் என்று பெயர்.

அந்தக் கேபிளைப் பொன்னம்மாள் என்பவருடைய வேலையாள் கடப்பாரையால் குத்தி அறுத்துவிட்டார். பொன்னம்மாள் கிழக்குக் கால்வாயின் கீழே நாலு ஏக்கர் நெல் வைத்திருந்தவர். வரப்போரம் வடிகால் வெட்டும்போது நேர்ந்தது. அதை ஒட்டுவதற்குத்தான் சுலைமானும் நானும் போனோம். கம்பிக்கு எண் போடுவது என் வேலை. எண் பார்த்துச் சேர்ப்பது அவர் வேலை.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அறுந்த கேபிளின் முகத்தைப் பார்த்தால் கம்பிகள் வட்டமாக நிற்கும். எங்கள் வட்டத்தில், போனுக்கு ஒன்றாக, பதினான்கு ஜோடி. ஒரே ஒரு ஜோடிக்குச் சிவப்புக் காகிதம். அதுதான் ஒன்றாம் எண். அதிலிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டு போக வேண்டும். ஆனால் அறுந்த இரண்டு முகங்களும் எதிரெதிராக உட்கார்ந்த இரண்டு மனிதர்களைப் போல. ஒருவருக்கு வலது மற்றவருக்கு இடது. ஆகவே ஒரு முனையை வலமாக எண்ணினால் அடுத்த முனையை இடமாக எண்ண வேண்டும். முதல் வாரப் பயிற்சியிலேயே சொல்லித்தருவது இது. பரீட்சையில் நான் முழு மதிப்பெண் வாங்கிய கேள்வியும் இதுவே.

கிழக்கு முனையை வலமாக எண்ணி எண் சீட்டு கட்டினேன். பிறகு குழியைத் தாண்டி மேற்கு முனைக்குப் போய், அதையும் வலமாகவே எண்ணிக் கட்டினேன். இருபத்துநாலு வயது வரை கோயிலிலும் குளத்திலும் வலமாக மட்டுமே சுற்றிப் பழகிய உடம்பு. கை தானாகப் போனது. மனம் பையில் இருந்த தடித்த ரஷ்ய நாவலில் இருந்தது. அதில் ஒரு கனவான் முந்நூறு பக்கமாக ஒரு முடிவும் எடுக்காமல் சோபாவிலேயே படுத்திருந்தார். இனியாவது எழுந்திருப்பாரா என்று எனக்குக் கவலை.

சுலைமான் கம்பியைக் கையில் எடுக்குமுன் கேட்டார். "சாமி, எதிர் முனையை ஒரு தடவை பாத்துரு."

"பார்த்தாச்சு" என்றேன்.

இந்த ஒரு சொல்லால் நம் தொழிலில் நேர்ந்த சேதத்தை இடிமின்னல்கூடச் செய்ததில்லை.

மாலைக்குள் வேலை முடிந்தது. ஒவ்வொரு கம்பியிலும் மணி அடிக்கிறதா என்று சோதித்தோம். பதினான்கும் அடித்தன. எங்கே அடித்தது என்று நான் கேட்கவில்லை. அடித்ததே போதும் என்றிருந்தது. உங்கள் பச்சை விளக்கு அன்று எங்களுக்கு மணி. அந்த அலுவலகத்தின் உதவிப் பொறியாளர் மலையாளி, நல்ல வேலைக்காரர், பொறுமை மட்டும் குறைவு. அவர் தம் குடியிருப்புக்குப் போட்டுப் பார்த்தார். மனைவி எடுத்தார். "நன்னாயி" என்று சொல்லிவிட்டு வைத்தார். அவர் வீட்டுப் போன் ஒன்றாம் எண். சிவப்புக் காகிதம் சுற்றிய அந்த ஜோடி, எந்தப் பக்கம் எண்ணினாலும் ஒன்றாம் எண்தான்.

மறுநாள் காலை வேலை முடிந்ததற்கான சான்றிதழில் கையெழுத்து வாங்க அலுவலகத்தில் காத்திருந்தேன். ஸ்விட்ச்போர்டில் இருந்த சரோஜினி என்னைப் பார்த்ததும் ஹெட்போனைக் கழற்றினார்.

"சாரே, ஸ்டோரைக் கூப்பிட்டா மண் லேபு எடுக்குது. மண் லேபைக் கூப்பிட்டா ஸ்டோரு எடுக்குது."

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்து அறைதானே? யாராவது மாறி எடுத்திருப்பா" என்றேன். நிபுணன் என்றால் காரணம் உடனே சொல்லிவிட வேண்டும் என்று அப்போது நம்பினேன். சரியான காரணம்தான் வேண்டும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

எட்டரைக்கு உதவிப் பொறியாளர் போனை எடுத்தார். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். போனில் யாரும் இடத்தின் பெயரையோ ஆளின் பெயரையோ சொல்ல மாட்டார்கள். சரோஜினியிடம் "மேற்கு" என்பார். மணி அடிக்கும். எடுக்கும் லஸ்கர் "உத்தரவுங்க" என்பார். இவர் "ரெண்டடி" என்பார். அவர் "சரிங்க" என்பார். வைத்துவிடுவார்கள். எந்தக் குடிலில் மணி அடித்ததோ அந்த ஷட்டர் இரண்டடி மேலே போகும். வருடக்கணக்காக நடந்துவந்த ஏற்பாடு. இந்த உத்தரவு போனில் வராமல் யார் வந்து கெஞ்சினாலும் ஷட்டரில் கை வைக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். இல்லாவிட்டால் ஆளாளுக்குத் திறந்துகொள்வார்கள் அல்லவா?

அன்றைக்குத் தண்ணீர் மேற்குக்கு. கிழக்கில் அறுவடை நடந்துகொண்டிருந்ததால் அந்த ஷட்டர் மூடியே இருக்க வேண்டும். அவர் "மேற்கு" என்றார், "ரெண்டடி" என்றார், "சரிங்க" என்ற பதில் வந்தது. என் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ் பத்தே முக்காலுக்கு.

பத்து மணிக்குப் பொன்னம்மாள் வந்தார். மகன் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து இறங்கி, நேராக மேசைக்கு முன்னால் வந்து நின்றார். காலில் முழங்கால் வரை சேறு.

"ஏனுங்க சார், கம்பிய அறுத்தது எங்கூட்டு ஆளுதானுங்க. இல்லீன்னு சொல்லுல. அதுக்காவ அறுத்துப் போட்ட நெல்லுல தண்ணிய உட்டா பழி தீப்பீங்க?"

"கிழக்கே தண்ணி விட்டில்லம்மா. மேற்கேதான் விட்டது."

"மேக்கால பாத்துட்டுத்தான் வர்றனுங்க. காக்கா மூக்கு நனைக்கத் தண்ணி இல்லீங்க. என்ற வயல்லதான் கணுக்கால் முட்டும் நிக்குது. அறுத்த அரியெல்லாம் மெதக்குது. அந்த வேலுச்சாமிகிட்டப் போயி மூடுப்பான்னா, சாரு சொல்லோணுங்கறான்."

வேலுச்சாமி கிழக்கு ஷட்டர் லஸ்கர். அவர் ஆடுகள் பொன்னம்மாள் வயலில் மேய்ந்து, அவற்றைப் பிடித்துக் கட்டிப்போட்டு, பஞ்சாயத்து வரை போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அது அந்த வட்டாரம் முழுவதும் தெரிந்த சண்டை.

உதவிப் பொறியாளர் போனை எடுத்தார். "கிழக்கு" என்றார். மணி அடித்தது. "முழுசும் அடை." "சரிங்க." வைத்தார். "போய் நோக்கு" என்று பொன்னம்மாளின் மகனை அனுப்பினார். வண்டி போய்த் திரும்புவதற்குள் அவர் இன்னொரு தடவை கூப்பிட்டு, "அடைச்சோ?" என்று கேட்டார். "அடச்சேதான் இருக்குதுங்க" என்று பதில் வந்தது.

மகன் திரும்பி வந்தான். "தண்ணி அப்படியேதான் வருதுங்க. சாரு மூடச் சொல்லவே இல்லீன்னு சாதிக்கிறானுங்க."

"பாத்தீங்களா" என்றார் பொன்னம்மாள். "ஆட்டுக்குச் சோறு போட்டது என்ற நெல்லு. இப்ப அதையே மொளைக்க வெக்கறான்."

உதவிப் பொறியாளரின் முகம் சிவந்தது. அலமாரியிலிருந்து கோப்பு ஒன்றை எடுத்தார். வேலுச்சாமி ஒன்பது வருடம் தினக்கூலியில் இருந்தவர். அவரை நிரந்தரமாக்கும் காகிதம் மேலே அனுப்புவதற்குத் தயாராக அந்தக் கோப்பில் இருந்தது. அதை உருவித் தனியே வைத்தார். வெள்ளைத் தாள் ஒன்றை இழுத்தார். "என்னிடம் அடைச்சு என்னு பறஞ்சு. அவிடெ திறந்து வெச்சிருக்கான். ஒன்பது வருஷமானாலும் பத்து வருஷமானாலும் இன்னையோட போகட்டே" என்று சொல்லிக்கொண்டே வேலையை விட்டு நீக்கும் கடிதத்தை எழுத ஆரம்பித்தார். அதே தாளில் 'ஷட்டரை மூடு' என்று எழுதி மகனிடம் கொடுத்தால் போதும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கோபத்தில் யாருக்கும் தோன்றாது.

நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். மூடச் சொன்னேன் என்கிறார் ஒருவர். சொல்லவே இல்லை என்கிறார் மற்றவர். இரண்டு பேரும் உண்மை சொல்கிறார்கள் என்றால் நடுவில் இருப்பதுதான் பொய் சொல்கிறது. நடுவில் இருந்தது என் ஜாயிண்ட்.

ஸ்டோரும் மண் கூடமும் ஒன்றுக்கொன்று மாறியிருந்தன. ஆனால் குடியிருப்பு சரியாக இருந்தது. மனத்தில் வட்டத்தை வரைந்து பார்த்தேன். ஒன்றாம் எண் அசையாது. இரண்டும் பதினான்கும் மாறும், மூன்றும் பதின்மூன்றும் மாறும். அப்படியே வந்தால் ஐந்தும் பதினொன்றும். கிழக்கு ஷட்டர் ஐந்து. மேற்கு ஷட்டர் பதினொன்று. குழியைத் தாண்டி நான் வலமாக எண்ணிய காட்சி, சம்பந்தப்பட்ட கையோடு, கண் முன்னால் வந்தது. இரண்டாம் தடவை "அடச்சேதான் இருக்குதுங்க" என்றவர் மேற்கு லஸ்கர். மூடியிருந்த தம் கதவைப் பார்த்து, இதை எதற்கு இரண்டு தடவை கேட்கிறார் என்று குழம்பியிருப்பார் பாவம்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அடுத்த பத்து விநாடி நான் நினைத்தது வேலுச்சாமியையும் இல்லை, நெல்லையும் இல்லை. ஸ்விட்ச்போர்டுக்குப் பின்னால் கம்பிகள் வந்து முடியும் சட்டம் ஒன்று உண்டு. அதில் பன்னிரண்டு ஜோடியை ஒன்றுக்கொன்று இடம் மாற்றிவிட்டால் எல்லாம் நேராகிவிடும். நாற்பது நிமிட வேலை. "சும்மா ஒரு பார்வை பார்க்கிறேன் சார்" என்று உள்ளே நுழைந்தால் யாருக்கும் தெரியாது. சான்றிதழ் பையில் இருக்கிறது. பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் உண்டு. என்ன, நாற்பது நிமிடத்தில் நெல் மூழ்கும், அந்தக் கடிதம் டைப்புக்குப் போகும். லைன் சரியான பிறகு வேலுச்சாமி என்ன சொன்னாலும் எடுபடாது. அவர் பொய்யர் என்பதற்கு என் சரியான லைனே சாட்சி சொல்லும்.

அந்தக் கடைசி நினைப்புதான் என்னை நகர்த்தியது. நல்லவன் என்பதால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். என் தப்பான வேலையைவிட என் சரியான வேலை மோசமாக நடந்துகொள்ளப் போகிறது என்பது பொறுக்கவில்லை.

முதலில் தண்ணீர், பிறகு கம்பி. கோணலை நிமிர்த்த நேரம் இல்லை. கோணலாகவே அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டியதுதான். மேசைக்குப் போய்ப் போனை எடுத்தேன்.

"சரோஜினி, மேற்கைக் கூப்பிடுங்கோ."

"எந்தா, பிராந்தா உனக்கு?" உதவிப் பொறியாளர் பேனாவை வைத்தார். "வெள்ளம் கிழக்கே. மேற்கைக் கூப்பிட்டு எந்து செய்ய?"

மணி அடித்தது. ரிசீவரை மேசைக்கு நடுவில் எல்லோருக்கும் கேட்கும்படி பிடித்தேன்.

"உத்தரவுங்க" என்றது குரல்.

"பேசறது யாரு? பேரைச் சொல்லுங்கோ."

அந்த லைன் போட்ட நாளிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை போலும். கொஞ்சம் தயங்கிப் பதில் வந்தது.

"நானுங்க... வேலுச்சாமிங்க."

"எந்த ஷட்டர்?"

"கெழக்குங்க. ஏனுங்க, தப்பாயிப்போச்சுங்களா? அந்தம்மா வேற வந்து திட்டிப்போட்டுப் போச்சுங்க. நீங்கதானுங்க காலைல ரெண்டடின்னீங்க."

ரிசீவரை உதவிப் பொறியாளரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, "அடை" என்று மட்டும் சொன்னார். பிறகு, வழக்கத்தை மீறி, "கிழக்கு. முழுசும்" என்றும் சேர்த்தார்.

"சார், கம்பியை நான் திருப்பி எண்ணிட்டேன். வேலுச்சாமி உங்க குரல் சொன்னதைத்தான் செஞ்சிருக்கார்" என்று சொல்லிச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தேன். அதையும் தாம் எழுதிக்கொண்டிருந்த தாளையும் ஒன்றாகச் சேர்த்து அவர் இரண்டாகக் கிழித்தார். மெதுவாகக் கிழித்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பொன்னம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தன நேரம் சும்மா நின்னுட்டிருந்தது நீங்கதானுங்களா?"

"ஆமாம்."

"கை ரெண்டும் காலியாத்தான இருக்குது. வாங்க."

பஸ்ஸுக்குக் காத்திருந்த சுலைமானும் வந்து சேர, அன்று பிற்பகல் வரை இருவரும் பொன்னம்மாளின் ஆட்களோடு சேர்ந்து நனைந்த அரிக்கட்டுகளை வரப்பில் தூக்கிப் போட்டோம். கதிர் கழுத்தெல்லாம் அறுத்தது. மூன்றாவது வரப்பில் சுலைமான் கேட்டார்.

"பார்த்தாச்சுன்னியே சாமி, அது எந்தப் பார்வை?"

"வலமாகப் பார்த்தேன்."

"சுத்தினதுதான் சுத்தினே, மூணு தடவையாச் சுத்தியிருந்தா புண்ணியமாவது கிடைச்சிருக்கும்."

பெரும்பாலான நெல் பிழைத்தது. பள்ளமாக இருந்த அரை ஏக்கர் முளைவிட்டுவிட்டது. அதன் பிறகு எங்கே பார்த்தாலும் பொன்னம்மாள், "மொளச்ச நெல்ல மாட்டுக்குத்தானுங்க போட்டேன். தின்னும்போதெல்லாம் மாடு உங்களத்தான் நெனைக்குது" என்று சொல்வார். நான் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஜாயிண்டை நாங்கள் தோண்டவில்லை. கம்பிக்குத் தன் எண் தெரியாது, நமக்குத் தெரிந்தால் போதும் என்றார் சுலைமான். ஸ்விட்ச்போர்டுக்குப் பின்னால் இருந்த சட்டத்தில் பன்னிரண்டு ஜோடியையும் இடம் மாற்றினோம். இந்தத் தடவை ஒவ்வொரு மணிக்கும் எதிர்ப்பக்கத்தில் எடுத்தவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டோம். முகாமில் இருந்த பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒரு தாள் ஒட்டினேன். எந்த எண் எங்கே போகிறது என்பதற்குக் கீழே, 'ஜாயிண்டில் எண் மாறியுள்ளது. காரணம் என் எண்ணிக்கை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பிறகு வந்து திறக்கிறவன் இதையெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாமே என்றுதான். எங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு மெமோ வந்தது. மொழி நன்றாக இருந்தது. இரண்டு தடவை படித்தேன்.

உங்கள் கண்ணாடி நூலிலும் இதே கதைதான் என்று கேள்விப்பட்டேன். ஒரு நூல் பேசும், ஒரு நூல் கேட்கும், மாற்றிச் செருகினால் இரண்டும் ஊமை. அந்த மட்டில் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள், உங்கள் தப்பு ஊமையாகிவிடுகிறது. பயப்பட வேண்டியது வாய் திறந்து நன்றாகப் பேசும் தப்பை. விளக்குப் பச்சையாக எரியும், தகவல் ஜோராகப் போகும், வேறு ஒருவருடைய ஷட்டர் திறக்கும். ஆகவே இறங்கி வருமுன் அந்தப் பக்கம் இருப்பவரைப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். கொஞ்சம் அசட்டுத்தனமாக இருக்கும். அந்த அசட்டுத்தனத்தில் எனக்கு அனுபவம் உண்டு, ஒன்றும் ஆகாது.

வேலுச்சாமியை நிரந்தரமாக்கும் காகிதம் மறுவாரமே மேலே போனது. உத்தரவு வந்துவிட்டது என்று சரோஜினி சொன்னபோது நான் வேறு வேலையாக அந்த அலுவலகத்தில் இருந்தேன். வாழ்த்துச் சொல்லலாம் என்று கிழக்கு ஷட்டரைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. "உத்தரவுங்க" என்ற பழைய குரலை எதிர்பார்த்தேன்.

"கெழக்கு ஷட்டருங்க. வேலுச்சாமி பேசறனுங்க. நீங்க யாருங்க?"

பெரிய பொறியாளரிடமும் இப்படித்தான் கேட்கிறாராம் என்று சரோஜினி பக்கத்திலிருந்து முணுமுணுத்தார். நான் பெயரைச் சொன்னேன்.

"எந்த ஆபீசுங்க?"

அதையும் சொன்னேன். அந்தப் பக்கம் யோசிக்கும் சத்தம் கேட்டது.

"ஓ, எண்ணத் தெரியாத சாருங்களா?" என்றார் வேலுச்சாமி. "அப்ப லைன் சரியாத்தானுங்க இருக்குது. சொல்லுங்க."